அறுபதுக்கு மேல் அறுபது மீட்டர்

ஓடுகிறவர் முகத்தைப் பார்க்காமல், காலடிச் சத்தத்தை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன். கல்லூரிப் பையன்கள் பக்கத்துத் தடத்தில் போனால் ‘டப் டப் டப்’ என்று தவிலில் விரல் தட்டுவதுபோல் கேட்கும். எங்கள் வயதுக்காரர் யாராவது போனால் ‘தொப், தொப்’. நொடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு அடியும் தரையில் கிடக்கிற நேரம்தான் மாறுகிறது.

காதுக்குத் தெரிந்த இதை அளந்து சொன்னவர்கள் பின்லாந்துக்காரர்கள். யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தின் மார்க்கோ கோர்ஹோனன் குழுவினர் 40 வயதிலிருந்து 88 வயது வரையுள்ள போட்டி ஓட்டக்காரர்களின் 100 மீட்டர் ஓட்டத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை வேகம் குறைகிறது. 65, 70 வயதுக்குப் பிறகு சரிவு கூடுகிறது. குறைவதற்குக் காரணம், எட்டி வைக்கிற அடியின் நீளம் சுருங்குவதும், பாதம் தரையில் நிற்கும் நேரம் நீளுவதும். கால் மாற்றுகிற வேகமோ மிக முதிய வயதுவரை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதாவது கிழவரின் காலுக்குச் சுறுசுறுப்பு போய்விடவில்லை. தரையை உதைத்துத் தள்ளுகிற பலம் போய்விட்டது.

நம் ஊரில் ஐம்பது தாண்டியவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது நடைப்பயிற்சி. ‘முக்கால் மணி நேரம் நடங்க சார், போதும்.’ தப்பில்லாத ஆலோசனைதான். ஆனால் வயதோடு முதலில் கழன்றுபோவது வேகமும் திடீர்ப் பலமும். நடையால் அதைப் பிடித்து வைக்க முடியாது. குளியலறையில் கால் வழுக்கும்போது மறு காலைச் சட்டென்று முன்னே ஊன்ற வேண்டியது அதே தசைதான், அதே நரம்புதான். அந்த இடத்தில் கண் இமைக்கும் நேரத்துக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். ஆகவே முதியவர் விரைந்து ஓடலாமா என்ற கேள்வியைப் பதக்க ஆசை பிடித்தவர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. விரைந்து ஓடுவது, அதற்காக உடம்பைக் கவனிப்பது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பதக்கக்காரர்களின் உலகம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மூத்தோர் தடகளத்தின் முதல் உலகப் போட்டி 1975இல் டொராண்டோவில் நடந்தது. உலக அமைப்பு 1977இல் உருவானது. 35 வயதிலேயே ‘மூத்தோர்’ ஆகிவிடலாம் என்பது பலருக்கு ஆச்சரியம். அங்கிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரித்துக்கொண்டே நூறைத் தாண்டிப் போகிறார்கள். தொடக்கத்தில் குனிந்து கட்டையில் கால் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; நின்றபடியே கிளம்பலாம். 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது.

இந்த உலகம் சேர்த்து வைத்திருக்கும் நேரங்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 நொடி ஓடியபோது 23 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. பிரிட்டனின் ரான் டெய்லர் 1994இல், 60 வயதில், 11.70 ஓடினார். 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பெய்ட்டன் ஜோர்டன் 1997இல், 80 வயதில், 14.35. நூறு வயது டான் பெல்மேன் 2015இல் 26.99. இந்த நேரங்களை வேகக் கணக்காக மாற்றினால், இருபதுகளிலிருந்து அறுபதுக்கு வர 37 ஆண்டில் 18 விழுக்காடு போகிறது. அறுபதிலிருந்து எண்பதுக்கு 20 ஆண்டிலேயே இன்னொரு 18. எண்பதிலிருந்து நூறுக்குள் மிச்சத்தில் ஏறக்குறைய பாதி. கடன் ஒன்றுதான், ஆனால் கந்து வட்டிக்காரர் பாதி வழியில் விகிதத்தை மாற்றிவிடுகிறார்.

இந்தக் கணக்கை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இது நான்கு தனி மனிதர்களின் உச்சம். ஒரே மனிதர் காலப்போக்கில் எப்படிக் குறைந்தார் என்பது வேறு கதை. மேலும் 80 வயதில் தடத்துக்கு வருகிறவர்கள் நோய்க்கும் காயத்துக்கும் தப்பி வந்தவர்கள். வராதவர்கள் கணக்கில் இல்லை. மூத்தோர் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. எதிர்ப் பக்கத்தில் சண்டிகரின் மான் கௌர் நிற்கிறார். 93 வயதில் மகன் சொல்லி ஓடத் தொடங்கினார், 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 நொடியில் கடந்தார். ஜப்பானின் மியாசாகி 105 வயதில் 42.22 நொடி ஓடிவிட்டு, போல்ட் மாதிரி வில் வளைத்துக் காட்டினார். இவர்களைக் காட்டி ‘வயது வெறும் எண்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 42 நொடி என்பது வயதின் முழுப் பாரத்தையும் காட்டுகிற எண்.

தசைக்குள் என்ன நடக்கிறது? வேக இழை, நிதான இழை என்று தசையில் இரண்டு வகை. வயதாக ஆக வேக இழைகளே அதிகம் மெலிகின்றன. அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் முதுகுத்தண்டில் ஒவ்வொன்றாக மடிகின்றன. நரம்பை இழந்த இழையைப் பக்கத்து நரம்பு தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறது, தாயில்லாப் பிள்ளையைப் பெரியம்மா வளர்ப்பதுபோல. பெரியம்மா வீடு நிதானமான வீடு என்றால் பிள்ளையும் நிதானமாகிவிடுகிறது. இழை பிழைத்துக்கொள்கிறது, வேகம் போய்விடுகிறது. இதைத் தடுக்க முடியுமா என்றால், முழுதாக முடியாது, தள்ளிப்போட முடியும். அதே பின்லாந்துக் குழு 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டே இருந்த 50, 60, 70 வயதுக்காரர்களுக்கு 20 வாரம் கனமான எடைப் பயிற்சியும் ஓட்டமும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் ஓட்டத்தால் வராத பலம் வந்தது, ஓட்டமும் மேம்பட்டது. எங்கள் மைதானத்து மூத்தவர்களில் எடை தூக்குகிறவர் யாரும் இல்லை. ‘இந்த வயசுல என்னத்துக்குப்பா ஜிம்மு’ என்பார்கள். ஓட்டத்தைவிட அவர்களுக்கு அதுதான் அவசியம் என்று தோன்றுகிறது.

பயிற்சியில் மூத்தவர்கள் செய்யும் பெரிய தவறு, போதிய ஓய்வு எடுக்காதது. முழு வேக ஓட்டத்தின் முதல் சில நொடிகளுக்கான எரிபொருள் தசையில் சேமித்த கிரியேட்டின் பாஸ்பேட். தீர்ந்தால் திரும்ப நிறையச் சில நிமிடம் ஆகும். பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது பயிற்சியாளர்களின் கைக்கணக்கு. 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம் உட்கார வேண்டும். ஒன்பது பத்து நொடி ஓட்டத்துக்கு ஆறு நிமிடத் திண்ணை! வேர்க்க வேர்க்கச் செய்தால்தான் பயிற்சி என்று பழகிய மனம் ஒப்புக்கொள்ளாது. இரண்டு நிமிடத்தில் எழுந்து அடுத்ததை ஓடுவார்கள். நாலாவது ஓட்டம் வேக ஓட்டமாக இருக்காது, மூச்சு வாங்கும் ஓட்டமாகிவிடும். களைத்த தசைதான் கிழியும். என் வாரத்தில் இரண்டே நாள் முழு வேகம், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி, ஒரு நாளைக்கு மொத்தம் 250 மீட்டருக்குள். உடம்பைச் சூடாக்க மட்டும் முப்பத்தைந்து நிமிடம். ஏற்றத்தில் ஓடுவது தொடையின் பின்தசைக்கு நல்லது. கால் அதிகம் நீண்டு இழுபடாது. மலையில்லாத ஊர்க்காரனான எனக்கு ரயில்வே மேம்பாலத்தின் சரிவுதான் மலை, அதுவும் பால் வண்டிகள் வருவதற்கு முன்பு.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஒரு கிழிசல். 57 வயதில் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ 100 மீட்டர் என்றார்கள். ஐந்து வருடமாக ஓடவில்லை. நாற்பதாவது மீட்டரில் இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி ஒரு ‘பட்’. கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே, ‘எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க சார்’ என்றார். இளைஞருக்குப் பெரும்பாலும் தொடையின் பின்தசை போகும். நடு வயதைத் தாண்டியவருக்குக் கெண்டைக்கால் சதையும் குதிகால் நாணும். தசை சில வாரங்களில் பலமடைந்துவிடும், நாணுக்கு மாதங்கள் வேண்டும். தெம்பாக இருக்கிறது என்று தசையை நம்பி வேகத்தைக் கூட்டினால் நாண் கணக்குத் தீர்க்கும். இதில் மருந்துக் கடைக்கும் ஒரு பங்கு உண்டு. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் சிப்ரோபிளாக்சசின் வகை மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்திக் கிழியவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008லேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்னது. 60 வயதுக்கு மேற்பட்டவருக்கும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் ஆபத்து கூடுதல். அந்த மாத்திரை எடுத்தால் அதற்குப் பிறகு சில வாரம் நான் வேகம் எடுப்பதில்லை.

இனி இதயம். இங்கே எந்தத் தமிழனும் அலட்சியமாகப் பேச முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2023இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இந்தப் பின்னணியில் நாற்பது ஐம்பது பேர் ஒரு மைதானத்தில் முழு வேகம் எடுத்தால் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் எதைப் பற்றி என்பது முக்கியம். அமெரிக்காவில் மிட்டில்மேன் குழுவினர் 1993இல் மாரடைப்பு வந்தவர்களிடம் விசாரித்து ஒரு கணக்கு எடுத்தார்கள். கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரத்துக்கு ஒரு முறைகூட உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு 107 மடங்கு உயர்ந்தது. வாரத்தில் ஐந்து நாளும் அதற்கு மேலும் செய்கிறவர்களுக்கு 2.4 மடங்குதான். ஒரு மணி நேரத்துக்கான அடிப்படை வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால் 107ஐப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் எனக்கு என் பழைய மாணவர் சந்திப்பு ஞாபகம் வந்தது. அன்று கெண்டைக்காலோடு போனது.

தினமும் ஓடுகிறவருக்கு ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும் என்பதும் பொய். அமெரிக்காவையே மெல்லோட்டம் ஓட வைத்த புத்தகத்தை 1977இல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓடும்போதே இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்களில் பெரிய அடைப்புகள் தெரிந்தன. அவர் தந்தை 43 வயதில் மாரடைப்பில் போனவர். ஓட்டம் குடும்ப வரலாற்றை அழித்து எழுதாது. அதனால் வேகப் பயிற்சி தொடங்குமுன் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றும் செய்துகொள்வதில் காசு வீணில்லை. டிரெட்மில்லில் ஒரு விஷயம்: பல இடங்களில் வயதுக்கு உரிய நாடித்துடிப்பில் 85 விழுக்காடு தொட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். விரைவோட்டக்காரர் அதற்கு மேலே போகிறவர். ‘நான் வேகமா ஓடுறவன் டாக்டர், முடியற வரைக்கும் ஓடவிடுங்க’ என்று கேட்க வேண்டும். அதில் தேறினாலும், குழாயை அடைக்காமல் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு படிவு அந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். சோதனை ரிப்போர்ட்டைவிட நம்பகமானது மேட்டில் ஏறும்போது நெஞ்சில் வருகிற இறுக்கம். நம்மவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கேஸ்’. சோடா குடிப்பார்கள், ஓமத்தண்ணி குடிப்பார்கள். ஓடும்போது வந்து, நின்றதும் போகிற ‘கேஸ்’ வாயுவாக இருப்பது அரிது.

அப்படியானால் தினசரி எதைக் கவனிப்பது? கையில் கட்டும் கடிகாரம் இதற்குச் சரிப்படாது என்பது என் அனுபவம். பத்து நொடி ஓட்டத்தில் நாடி உச்சத்தைத் தொடுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மணிக்கட்டில் பச்சை விளக்கடித்து அளக்கும் கருவி அதற்கும் பின்தங்கித்தான் காட்டும். ‘220இலிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கும் அப்படித்தான். அது 1971 வாக்கில் பழைய சில ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ணளவில் கிழித்த கோடு. 2001இல் தனாகா குழுவினர் 351 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழி என்றார்கள். 70 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 150, இரண்டாவதில் 159. அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும்.

நான் வைத்திருப்பது கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. காலையில் எழுந்து உட்காருமுன் நாடி. வழக்கத்தைவிட ஆறேழு கூடியிருந்தால் அன்று வேகம் இல்லை. பெரும்பாலும் மறுநாள் சளியோ காய்ச்சலோ எட்டிப் பார்க்கும். வாரம் இருமுறை வீட்டு மெஷினில் பிரஷர், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, இரண்டு முறை எடுத்துச் சராசரி. மைதானத்தில் சுவர்ப் பக்கம் நின்று, விரலில் சாக்பீஸ் தடவி, எம்பி ஒரு கோடு. அமெரிக்கர் டட்லி சார்ஜென்ட் 1921இல் எழுதிவைத்த சோதனை இது. நூறு ஆண்டு கழித்தும் இதைவிட மலிவாக நரம்பின் களைப்பைக் காட்டும் கருவி வரவில்லை. வழக்கமான கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே விழுந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்டாப்வாட்ச் நேரம் கடைசியில். கையால் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிட 0.24 நொடி குறைவாகக் காட்டும் என்று தடகளத்தில் ஒரு கணக்கு உண்டு. நண்பர் விசிலுக்கு ஓடி ‘ரெக்கார்ட்’ வைக்கிறவர்கள் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செல்போனிலும் ஓர் உபயோகம் கண்டுபிடித்தேன். மெதுவோட்ட வீடியோவில் நொடிக்கு 240 படம். ஐம்பதாவது மீட்டருக்கு நேராகப் போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து ஓடிவிட்டு, பாதம் தரையைத் தொட்ட படத்திலிருந்து விட்ட படம் வரை எண்ணுவேன். கல்லூரிப் பையனுக்கு 24, 25 படம், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. எனக்கு 33. கோர்ஹோனன் சொன்னது என் செங்கல் மேலேயே இருக்கிறது. வலது காலுக்கும் இடது காலுக்கும் மூன்று படம் வித்தியாசம் வந்தால் எங்கோ வலி தொடங்கப்போகிறது. இதுவரை இரண்டு முறை சரியாகச் சொல்லியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. ஒரு முறை ஞாயிறு கடுமையான பயிற்சி, திங்கள் காலை ‘மாஸ்டர் செக்கப்’. கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. நொதி எகிறியிருந்தது, கிரியேட்டினினும் கொஞ்சம் மேலே. பார்த்த மருத்துவர் குடிப்பழக்கம் பற்றி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை என் மனைவி பக்கம் திரும்பிக் கேட்டார். அந்த நொதி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. கடும் பயிற்சியில் தசையிலிருந்து கசிந்து ரத்தத்தில் ஏறும். ஒரு வாரம் ஓடாமல் திரும்ப எடுத்தேன், எல்லாம் சமர்த்தாகக் கீழே வந்திருந்தது. கிரியேட்டின் மாவு சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரியேட்டினினைப் பார்த்துச் சிறுநீரக நோயாளி ஆக்கிவிடுவார்கள். சர்க்கரையும் இப்படித்தான்: முழு வேக ஓட்டம் முடிந்த கையோடு குத்திப் பார்த்தால் அட்ரினலின் தயவில் கூடிக்கூட இருக்கலாம், மணிக்கணக்கு கழித்து இறங்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அந்த இறக்கம்தான் ஆபத்து. பாதம் மரத்த சர்க்கரைக்காரர் ஆணி வைத்த ஓட்ட ஷூவைக் கழற்றியதும் விரலிடுக்குகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், கொப்புளம் வலிக்காது.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. பிரஷர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பிரிப்பிகள் கலந்தவை நிறைய. அவை உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இன்சுலினும் இருக்கிறது. 2022 முதல் போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் தடை, முழங்காலுக்குப் போட்டாலும். எழுபது வயது தாத்தா ஊக்கமருந்துக்காரர் ஆவது இப்படித்தான். மாத்திரையை நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு விதிவிலக்கு கேட்க வேண்டும், அல்லது வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

சாப்பாடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நாலு இட்லியும் சட்னியும் தசையைக் கட்டாது. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம், பயிற்சி நாளில் இன்னும் கொஞ்சம். முட்டை, மீன், சுண்டல், தயிர் எது முடிகிறதோ அது, மூன்று வேளைக்கும் பிரித்து.

நேற்றைய பக்கம் இது: நாடி 58. பிரஷர் 128க்கு 78. சாக்பீஸ் கோடு பழைய இடம். 60 மீட்டர் மூன்று முறை: 9.9, 9.8, 9.8. படம் இடது 33, வலது 35. வலது குதிகாலில் காலையில் முதல் பத்து அடிக்கு விறைப்பு. நாலாவது ஓட்டம் ஓடவில்லை. பையன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.